ஒதுக்கி வைத்த நாலு பெட்டி

என் அக்கா வீட்டில் நேராக நடந்து போனவர் யாரும் கிடையாது. வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். கதவு பாதிதான் திறக்கும். அதன் பின்னால் மின்விசிறி இறக்கைகள். கூடத்தில் குழாய்த் துண்டுகள், கதவுக் கைப்பிடிகள், ஜோடி தொலைந்த கீல்கள், மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். கட்டிலுக்கு அடியில் மட்டுமில்லை, கட்டிலின் மேலேயும் பாதி இடம் சாமான்தான். மீதிப் பாதியில் ஒருக்களித்துப் படுத்துப் படுத்தே அக்காவின் இடது பக்கம் தேய்ந்துபோய்விட்டது என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் அத்தானின் கைங்கரியம். அத்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை பார்த்தவர். குழாய் ஒழுகினால், பூட்டு சிக்கினால், விசிறி நின்றால் அவரைத்தான் தேடுவார்கள். புதிதை மாட்டிவிட்டுப் பழசைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "எதுக்காச்சும் ஆகும்." முப்பது வருடம் இதையே சொல்லிச் சொல்லித் தெருவில் அவருக்கு 'எதுக்காச்சும் மாமா' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். திருகாணி, வாஷர் என்று கேட்டு வந்த யாரும் அவரிடமிருந்து வெறுங்கையோடு போனதில்லை. தேடி எடுக்கத்தான் அரை நாள் ஆகும்.

அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான். சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் போர்வை மடிக்கிறாள். அந்தக் கூடத்துக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு, தானாகவே சாத்திக்கொள்ளும். உள்ளே நீராவியில் பெண்கள் வெந்துகொண்டிருப்பார்கள். அப்போது இளைஞராக இருந்த அத்தான் அந்தக் கதவைப் பழுது பார்க்க வந்தார். பழுது பார்க்கத் தெரியவில்லையோ, வேண்டுமென்றேதானோ, ஒரு மரத்துண்டைச் செதுக்கிக் கதவுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். கட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஊரில் முட்டுக்கட்டை போட்டால் கல்யாணம் நின்றுபோகும். இவர்களுக்கு முட்டுக்கட்டையால்தான் கல்யாணமே நடந்தது. பிள்ளை குட்டி இல்லை. அந்த இடத்தையெல்லாம் சாமான் நிரப்பிவிட்டது என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

நான் வேறு ரகம். தையல் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் தொங்கினால், பட்டன் கோணினால், கறை பட்டிருந்தால் "ஒதுக்கு" என்பேன். சட்டை கூடைக்குப் போகும். கூடை நிறைந்தால் கழிவுக்குப் போகும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்து கழற்றி வைக்க முடிவதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இருக்கும்தான், என்ன செய்ய?

அத்தான் ஓய்வு பெற்ற மறு வருடம், கூடத்தில் ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கியவர் நிமிரவில்லை. பக்கவாதம். அந்தக் குறுகல் வழியில் அவரை வெளியே கொண்டுவர நாலு ஆள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையவில்லை. போர்வையில் கிடத்தி, சாமான் மேலெல்லாம் தூக்கித் தூக்கி வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிழைத்தார். ஆனால் வலது பக்கம் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. சுத்தமாகப் போனது என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

"வலிக்குதா ஐயா?" என்று நர்ஸ் கேட்டால், "ஆகும்" என்பார்.

"தண்ணி வேணுமா?"

"ஆகும்."

"நான் யாருன்னு தெரியுதா அத்தான்?" என்று நான் கேட்டேன்.

"ஆகும்" என்றார், என்னை உற்றுப் பார்த்து. பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது. அக்கா மட்டும் அவருடைய வாயோரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, "ஆகுங்க, எல்லாம் ஆகும்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் தம்பி, அக்கா வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. கையில் அளவு நாடா. வாசலிலேயே நின்றுவிட்டார். நாடாவை விரிக்க இடம் இருந்தால்தானே?

"அக்கா, வாக்கர் வெச்சு நடக்கணும்னா மூணடி வழி வேணும். வாசல்லேர்ந்து கட்டிலுக்கு, கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு. இங்க எனக்கே வழி இல்லையே?"

"எத்தனை நாள் டைம் தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"வார்டுல இன்னும் பத்து வாரம் வெச்சுப்பாங்க. அதுக்குள்ள வீடு தயாராகலைன்னா ஊருக்கு வெளிய இருக்கற காப்பகத்துக்குத்தான் அனுப்புவாங்க. நான் சொல்றது இல்லக்கா, ரூல் அப்படி."

அந்தக் காப்பகத்தை எங்களுக்குத் தெரியும். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கிருந்து வரும் போர்வைகளை அக்காதான் மடிக்கிறாள். அங்கே போனவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பி போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "பத்து வாரம்னா எழுபது நாள்" என்றாள்.

"எழுபது நாள் எதுக்கு? ஒரு ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டாந்து மொத்தத்தையும் வாரிக் கொட்டிட்டா முடிஞ்சுது" என்றேன்.

"வேணாம்டி. அவர் சாமான்."

"அவர் சாமானா? நீ இத்தனை வருஷம் எங்கே இருந்தே, வீட்டுலயா, குடோன்லயா?"

"நானே பாத்துக்கறேன்" என்றாள். அவள் குரலை உயர்த்த மாட்டாள். ஆனால் அந்தக் குரலில் சொல்லிவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாறாது.

எப்படிப் பார்த்துக்கொள்வாள்? அவளுக்கே இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. கனம் தூக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து வேலைக்குப் போய், மதியம் மூன்று மணி வரை நின்ற காலோடு போர்வை மடித்து, நாலு மணிக்கு வார்டுக்குப் போய் அத்தானுக்கு ஊட்டிவிட்டு, ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவள். "காலைல ஒரு குடம் தெம்பு இருக்கும்டி. வீட்டுக்கு வரும்போது அடியில ஒரு டம்ளர்தான் மிச்சம்" என்பாள். அந்த ஒரு டம்ளரை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த வீட்டோடு மோத வேண்டும்.

மோதினாள். அவள் வழியே தனி. வந்ததும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏதாவது ஒரு மூலைக்கு முன்னால் உட்காருவாள். மூலை என்றால் முழு மூலை இல்லை, கை எட்டுகிற அளவு. தண்ணீர் கொதிக்கும் வரைதான் வேலை. கொதித்துவிட்டால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். "இன்னும் ரெண்டு சாமான்தானேக்கா" என்று நான் சொன்னாலும் தொட மாட்டாள். ஒரு நாளைக்கு ஒரு பை. கடைக்குக் கொண்டு போகிற சின்னப் பை. அதை மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது கீழே குப்பைத் தொட்டியில் போடுவாள், அதுவும் இரண்டு மாடிக்கும் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி.

சாமான்களைப் பிரிப்பதும் சலவைக்கூடத்துக் கணக்கில்தான். அங்கே வருகிற துணியை வெள்ளை, கலர், கறை என்று மூன்றாகப் போடுவார்கள். இங்கே வெள்ளை என்றால் வீட்டுக்கு வேண்டியது. கறை என்றால் பைக்குப் போவது. கலர் என்றால் சந்தேகம். அந்தக் கலரைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் கலரையெல்லாம் அவள் கைப்பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய் அத்தானிடம் கேட்பாள்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ஊட்டி முடித்து, முகம் துடைத்து, அக்கா பையிலிருந்து ஒரு விசிறி ரெகுலேட்டரை எடுத்தாள். பிரிக்காத அட்டைப்பெட்டியோடு, புத்தம் புதுசு.

"என்னங்க, இது?"

"ஆகும்."

அதை ஓரமாக வைத்துவிட்டாள். அடுத்து ஒரு மரக்கட்டை. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, அழுக்கேறிக் கறுத்துப்போனது. சலவைக்கூடத்துக் கதவுக்குச் செருகிய அதே கட்டைதான்.

"இது?"

அத்தான் இடது கையை நீட்டி வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆ...கும்" என்றார்.

"ரெகுலேட்டர் வேணாமாம். கட்டை வேணுமாம்" என்றாள் அக்கா என்னிடம்.

எனக்குத் தலை சுற்றியது. "எப்படிச் சொல்றே? ரெண்டுக்கும் ஒண்ணுதானே சொன்னார்?"

"இல்லையே. வேணாம்னா வெட்டிச் சொல்வார். வேணும்னா இழுத்துச் சொல்வார். உனக்குக் கேக்கலையா?"

"எனக்கு ஒரு எழவும் கேக்கல. வாயில வர்றதே ஒரு வார்த்தை, அதுல போய் நீ சுருதி பாத்துக்கிட்டு இருக்கே! இந்த வேகத்துல போனா வீடு காலியாகறதுக்குள்ள அவரைக் காப்பகத்துல கொண்டு போட்டுடுவாங்க, பாத்துக்கோ."

வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கட்டையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பைக்குள் வைத்தாள். "அவர் வீட்டுக்கு வர்றப்போ அவர் கைக்கு நாலு சாமான் தெரிஞ்சதா இருக்கணும்டி. எல்லாம் புதுசா இருந்தா அவர் எங்க வந்திருக்கோம்னு நெனைப்பார்?" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

ஆனாலும் வீடு மெல்ல மெல்ல வழி விட்டது. மூன்றாம் வாரம் வாசல் கதவு முழுதாகத் திறந்தது. ஐந்தாம் வாரம் கூடத்தில் தரை தெரிந்தது. அது பச்சை நிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆறாம் வாரம் நானும் அக்காவும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். அவள் கால்களை நீட்டி, "பாரு, நீட்ட முடியுது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்து எத்தனை காலம்!

மிச்சம் இருந்தது பின்னறை. கட்டில் அங்கேதான். பாத்ரூமும் அதை ஒட்டித்தான்.

ஏழாம் வாரம் அக்கா விழுந்தாள். படியில் நின்று மூச்சு வாங்கியவளுக்கு மூச்சு திரும்பவில்லை. ஊசி போட்டு, எட்டு நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார்கள். எட்டு நாள் என்பது பன்னிரண்டாகிவிட்டது. எழுந்ததும் முதல் வேலையாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆனால் கை எழவில்லை. தண்ணீர் கொதித்து வற்றும் வரைக்கும் மடியில் ஒரு குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது, "அவரை அனுப்பிடுவாங்களாடி?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டேன். ஒரு வண்டியும் இரண்டு ஆளும் பேசிக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா அன்றுதான் மறுபடி வேலைக்குப் போயிருந்தாள். சாவி என்னிடம் ஒன்று உண்டு. இருந்தாலும் சொல்லாமல் செய்யக் கூடாது என்று அவளுக்குப் போன் போட்டேன். சலவை இயந்திரங்களின் இரைச்சலில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

"இன்னைக்கே முடிச்சுடறேன்க்கா. நீ மாட்டேன்னு மட்டும் சொல்லாதே" என்றேன்.

யாரிடமோ, "இதைக் கொஞ்சம் பிடி" என்றாள். பிறகு, "சரி. இனிமே என்னால முடியாது. நீயே பாரு" என்றாள். "பின்னறைல அலமாரிக்குப் பக்கத்துல நாலு பெட்டி ஒதுக்கி வெச்சிருக்கேன். முதல்ல அதைப் பாத்துக்கோ."

"அதை நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே" என்றேன்.

நாலு பெட்டியும் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, மேல்மூடி மடித்து, நாடா போட்டுக் கட்டி. மேலே இருந்ததை மட்டும் அவிழ்த்துப் பார்த்தேன். வளைந்த சாவி, காது உடைந்த குழாய்த் திருகு, துருப்பிடித்த அளவு நாடா. குறை இல்லாத ஒரு சாமான் கிடையாது. சரியாகத்தான் ஒதுக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். "முதல்ல இந்த நாலு பெட்டியை ஏத்துங்க" என்று ஆட்களிடம் சொன்னேன்.

"வாசக் கதவு சும்மா சும்மா மூடிக்குதும்மா. முட்டுக் குடுக்க எதாச்சும் இருக்கா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"அந்தப் பெட்டியிலயே எதாச்சும் எடுத்து வெச்சுக்கங்க" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மதியத்துக்குள் பின்னறை காலி. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடவில்லை. நல்லதாக, உடையாததாக இருந்தவற்றை எல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி இரண்டு பெட்டியில் வைத்தேன். இன்னும் பைக்குப் போகாமல் கிடந்த அந்தப் பிரிக்காத ரெகுலேட்டர், புது பல்பு, பளபளப்பான கைப்பிடிகள். வண்டி போன பிறகு தரையைக் கழுவினேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். வாசலிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கும் நானே நேராக நடந்து பார்த்தேன். இடுப்பு ஒடிந்துபோயிருந்தது, ஆனால் மனசு நிறைந்திருந்தது. எழுபது நாளில் முடியாததை அரை நாளில் முடித்துவிட்டேன் என்ற திமிரும் இருந்தது.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். பின்னறை வாசலில் நின்று பார்த்தாள். முகம் மலர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே மலர்ந்தது. உள்ளே வந்து ஜன்னலைத் தொட்டாள், கட்டிலைத் தொட்டாள். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"பெட்டி எங்கடி?"

"எந்தப் பெட்டி?"

"நாலு பெட்டி. ஒதுக்கி வெச்சிருந்தேனே?"

"அதுதான் முதல்ல போச்சு. நீதானே முதல்ல அதைப் பாத்துக்கோன்னு..."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவள் சலவைக்கூடத்தில் ஆபரேஷன் அறைத் துணியையும் பச்சைக் குழந்தைகளின் துணியையும் மற்றதோடு சேர விடாமல் தனியாக வைப்பார்கள். அதற்குப் பெயர் 'ஒதுக்கினது'. யாரும் தொடக் கூடாது, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் வாயால் நான் கேட்ட சொல்தான் அது. எனக்கு அந்த நேரத்தில் என் கம்பெனிக் கூடைதான் ஞாபகம் வந்தது. அவள் எழுபது நாளில் பாதி நாளை, அத்தனை சாயங்காலத்தை, அவர் வாயிலிருந்து ஒவ்வொரு 'ஆ...கும்' ஆகக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை நான் முதல் நடையிலேயே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். வேண்டாம் என்று அவர் வெட்டிச் சொன்னதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "ரூம் நல்லா இருக்கு" என்றாள்.

"அக்கா, திட்டுக்கா. ரெண்டு அறை விடு."

"நீ ஒண்ணும் தப்பாக் கேக்கலடி. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்" என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பழைய சாமான் கடைக்கு ஓடினேன். இரும்பு வேறு, பித்தளை வேறு, மரம் வேறு என்று பிரித்துக் கொட்டியாகிவிட்டது. வளைந்த சாவி ஒன்றைத் தேடுகிறேன் என்றதும் கடைக்காரர் ஓர் ஆள் உயரச் சாவிக் குவியலைக் காட்டி, "எந்தச் சாவிம்மா?" என்றார். நான் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். எந்தச் சாவி என்று எனக்கே தெரியாது.

வீடு பாஸ் ஆனது. நடைப்பயிற்சித் தம்பி நாடாவை விரித்து அளந்து, "மூணடி கேட்டேன், நாலரை அடி குடுத்திருக்கீங்க, சபாஷ்" என்றார். பத்தாம் வாரத்தின் கடைசி நாள் அத்தான் வாக்கரோடு வீட்டுக்குள் வந்தார். அக்கா பின்னால் அவர் இடுப்பைப் பிடித்திருந்தாள். நான் முன்னால் நின்றேன். வாசலைத் தாண்டியதும் அவர் உடம்பு தானாகவே பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. முப்பது வருடப் பழக்கம். அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. இடது கையை நீட்டித் துழாவினார். கைக்குச் சுவர்தான் கிடைத்தது. பின்னறைக்குள் போனதும் நாலு பக்கமும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க, நம்ம வீடுதாங்க. தெரியுதா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. "புது இடம் மாதிரி இருக்கும், கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்றார் தம்பி. ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

நடக்கிறார், அது உண்மை. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு, வழி நன்றாக இருக்கிறது. அக்கா வேலையிலிருந்து வந்ததும் டீக்குத் தண்ணீர் வைக்கிறாள். கொதிக்கும் வரை ஸ்டூலைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிரிப்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. நான் பொறுக்கி வைத்த ரெகுலேட்டரையும் பல்பையும் ஒவ்வொன்றாக அவரிடம் காட்டிப் பார்த்தாள். அவர் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போகிறேன். போய் என்ன, தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறேன். அந்த வீட்டில் இப்போது எது விழுந்தாலும் எதிரொலிக்கிறது.

போன ஞாயிறு மழைக்கு முந்தைய காற்று. அடுக்களை ஜன்னல் படபடவென்று அடித்தது. ஓடிப் போய்ச் சாத்திவிட்டு வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. வாசல் கதவு அசையவே இல்லை. தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது. குனிந்து பார்த்தேன். கதவுக்கு அடியில், சுவரோரம், தூசி மூடிப்போய் ஒரு மரக்கட்டை. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து.

வண்டியோடு வந்த ஆள் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியது. பூட்டுவது வெளியே இருக்கும் கம்பிக் கதவைத்தான், அதனால் கட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாளாக நாங்கள் அதைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருக்கிறோம்.

அதை உருவி எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். அக்கா அதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் தூசியைத் துடைத்தாள். அவரை மெதுவாக இந்தப் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, இது?"

அவர் இடது கையில் கட்டையை வைத்தாள். விரல்கள் அதன்மேல் மூடின. திருப்பிப் பார்க்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். உதடு பிரிந்தது. நான் அந்த வாயையே பார்த்தேன். உதடு ஒருமுறை அசைந்து, அப்படியே நின்றது. காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இழுத்துச் சொன்னார்டி! உனக்குக் கேட்டுச்சா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்ட சத்தம்தான் கேட்டது.

"கேட்டுச்சுக்கா. நல்லா இழுத்துத்தான் சொன்னார்" என்றேன்.

கூடத்தில் வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.